லாவண்யா சாப்பிட்ட கணக்கு

1

அன்றைக்கு ஐதராபாத் லாலாகுடாவில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி தங்கம், எதிர்வீட்டு ஜோசப் அண்ணன், டாக்டர் ஸ்ரவந்தி, மாதாமாதம் எங்களுக்குச் சர்க்கரை அளவெடுக்க வரும் லாவண்யா. டாக்டர் கொண்டுவந்த லேப்டாப் திரைக்குள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் ஒரு ஊரில் குடியிருக்கும் ரோசா அம்மா. இன்னொருவர், அவர் ஸ்பானிஷில் சொல்வதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்வதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டியேகோ என்ற தம்பி. ஆக ஏழு பேர். இவர்களோடு ஒரு சட்டி கேசரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம்.

பெயர் பெயராக ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு டாக்டருடைய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து அன்று யார் யார் இருந்தீர்கள் என்று விசாரித்தபோது ஜோசப் அண்ணனை விட்டுவிட்டேன். அது பொய்ச் சாட்சி ஆகிவிடுமோ என்று ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஜோசப் அண்ணனிடமே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், "என் பேரு இல்லாம இருக்கதுதாம்டே நல்லது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று லாவண்யாவின் வேலை இருக்குமா போகுமா என்பது எங்கள் வீட்டில் வைத்து முடிவானது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றோடு அது நடந்து ஒரு வருஷம்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், ஐதராபாத் எல்லாம் ஒரு வெளிநாடா, ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் வந்துவிடலாமே என்று சிரிப்பீர்கள். சிரிக்கலாம். பாஸ்போர்ட் வேண்டாம்தான். ஆனால் சங்கரன்கோவிலில் டாக்டரிடம் போய் "நெஞ்சு கரிக்குது" என்றால் ஒரு மாத்திரையோடு முடிந்துவிடும். இங்கே நான் வந்த புதிதில் அதையே தெலுங்கில் சொல்லத் தெரியாமல் நெஞ்சைக் காட்டி, நெருப்பு என்று கையால் அபிநயம் பிடித்தேன். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். நெஞ்சு கரித்தது நின்றுவிட்டது. பயத்தில் வேறு ஒன்று ஆரம்பித்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாமா ஒருவர் மூலமாக இங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி என்னும் கூலியாளாகச் சேர்ந்து, சம்மட்டி தூக்கி, பிறகு பெட்டிகளின் பிரேக் வேலை பழகி, ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அதற்குப் பின்தெருவிலேயே இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். பிரேக் வேலை பார்த்ததால் கவலைப்படும் குணம் வந்ததா, கவலைப்படுகிறவன் என்று பார்த்துப் பிரேக் வேலை கொடுத்தார்களா என்று தெரியவில்லை. சர்க்கரை வியாதி ஓய்வுக்கு முன்பே வந்துவிட்டது.

டாக்டர் ஸ்ரவந்தி எங்கள் தெருவுக்கு வந்தது இப்படி. அவர் தெலுங்குப் பெண். அமெரிக்காவில் சில வருஷம் படித்து, வேலை பார்த்துவிட்டு இங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தார். அங்கே மெக்சிகோவிலிருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் பிழைக்கப் போனவர்களை லத்தினோ என்கிறார்களாம். அவர்களுக்கும் சர்க்கரை அதிகம். ஆராய்ச்சி செய்யப் போனால் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அப்புறம் யோசித்து, அந்த நோயாளிகளையே கூட உட்கார வைத்து, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, எந்த நேரத்துக்கு வீட்டுக்கு வருவது என்று அவர்களிடமே கேட்டுச் செய்தார்களாம். அதே போல லாலாகுடாவில் இருக்கும் தமிழ் ஆட்களோடு செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. என்னையும் ஜோசப் அண்ணனையும் கூப்பிட்டு, இனி நீங்கள் வெறும் நோயாளிகள் இல்லை, இந்த ஆராய்ச்சியில் எங்கள் பார்ட்னர்கள் என்றார்.

எங்கள் சித்தப்பா மகன் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் பார்ட்னராகச் சேர்ந்து, ஒரு மழைக்காலத்தில் குச்சியெல்லாம் நமத்துப்போய், இருந்த வீட்டையும் விற்றான். ஆராய்ச்சி நஷ்டத்தில் போனால் எனக்கும் பங்கு உண்டா என்று கேட்டேன். டாக்டர், நல்ல கேள்வி என்று எழுதிக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அதனால் கையெழுத்துப் போட நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

பார்ட்னர் ஆன பிறகும் லேசில் வாய் திறக்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் என்ன சாப்பிடலாம் என்று அவர்கள் அச்சடித்த தாளில் எங்கள் தெருவில் யாரும் பார்த்திராத பச்சைப் பூ ஒன்று இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். ஜோசப் அண்ணன் ஐதராபாத்காரர்களைப் போல "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டார். டாக்டர் பெருமூச்சு விட்டார். அங்கேயும் முதல் ஒரு வருஷம் இப்படித்தான் இருந்தது என்றார்.

3

லாவண்யா நல்கொண்டா பக்கத்துப் பெண். தார்நாகாவில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி இந்த வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அளவெடுக்கும் நாளில் நாங்கள் எட்டு மணிக்குள் டிபனை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. பத்து மணிக்கு அவள் வருவாள். முதலில் கேள்விகள்: நேற்றுக் காலை என்ன சாப்பிட்டீர்கள், மத்தியானம் என்ன, எத்தனை கரண்டி, எண்ணெய் எவ்வளவு. கடைசியில் விரலில் குத்தி மெஷினில் அளவு பார்ப்பாள். குத்திவிட்டால் அப்புறம் யாரும் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை என்று அப்படி வரிசை வைத்திருந்தார்களாம்.

முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுத்து வாசித்தாள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் எங்களிடமிருந்து பணமோ பொருளோ உணவோ எதுவும் பெற்றுக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு வரி. தங்கம் அடுப்படி வாசலில் தட்டோடு நின்று, அவள் வாசித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். முடித்ததும் தட்டை நீட்டினாள். கேசரி, பக்கத்தில் இரண்டு மெதுவடை.

"ஒத்து ஆன்ட்டி" என்றது பெண். தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம். தங்கத்துக்கு முப்பது வருஷத் தெலுங்கு நன்றாகவே தெரியும். அன்று மட்டும் தெரியவில்லை. அந்தப் பெண் போதும் என்பதற்குச் சாலு, சாலு என்றது. அதற்கும் தங்கம் அசையவில்லை. அடுத்த மாதம் லாவண்யா யாரிடமோ கேட்டு, போதும் என்கிற தமிழ் வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்தாள். அவள் பேசிய முதல் தமிழ் வார்த்தை அதுதான். ஒன்றும் பலிக்கவில்லை.

இதில் தங்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வேலையாக வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பி எங்கள் பக்கத்தில் பழக்கம் இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு மலேரியாக்காரர் வருவார். சுவரில் பென்சிலால் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவதுதான் அவர் வேலை. அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அவர் எங்கள் வீட்டில் அரை மணி நேரம் இருப்பார், ஏனென்றால் அம்மா காப்பி போட அவ்வளவு நேரம் ஆகும். ஒரு தடவை ஜனத்தொகை கணக்கெடுக்க வந்தவர் அவசரம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை போல என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவர் சாப்பிடும்போது எதிரே சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கண் பட்டுவிடும். சாப்பிடுகிறவருக்கு வயிறு வலிக்கும். அதனால் வீட்டுக்காரர் பேருக்காவது ஒரு தட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் ஹாஸ்டலில் சாப்பிடாமல் ஓடிவருகிறவள், அவளுக்கு என் கண்ணால் வயிற்றுவலி வந்தால் என்ன ஆவது என்ற கவலையில் இரண்டு கரண்டி கேசரி சாப்பிட்டேன். இதை நான் சாப்பாட்டில் சேர்க்கவே இல்லை. சாப்பாடு எட்டு மணிக்கு முடிந்துவிட்டது. இது துணைக்கு இருப்பது.

அவளும் அதைக் கேட்கவில்லை. அவள் தாளில் இருந்ததெல்லாம் நேற்று சாப்பிட்டதைப் பற்றிய கேள்விகள். நேற்று நாங்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருந்தோம்.

4

எங்கள் மகள் மாலதி கொண்டாப்பூரில் பதினோராவது மாடியில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கே போக வேண்டுமென்றால் கீழே காவல்காரர் பெயரை எழுதிக்கொண்டு, போனில் அனுமதி வந்த பிறகுதான் லிஃப்டைக் காட்டுவார். பெற்ற மகள் அனுமதி கொடுக்கும்வரை நான் வேர்த்துக்கொண்டு நிற்பேன், இந்தத் தடவை கொடுக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று.

ஒரு நாள் நான் மட்டும் போயிருந்தேன். "அப்பா, சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம்மா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்பாள் என்று சோபாவில் காத்திருந்தேன். பேத்தியிடம் கண்ணைக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் மூன்று மொழியில் கலந்து வரும். பிஸ்கட் இருக்கா கண்ணு என்று கேட்டதற்கு, "தாத்தா, யூ ஹேவ் ஷுகர், நக்கோ" என்றாள். நக்கோ என்றால் ஐதராபாத் உருதுவில் வேண்டாம். செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியதும் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தங்கத்திடம் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு மாலதியிடம் போனில் கேட்டேவிட்டாள். மாலதிக்கு உண்மையாகவே புரியவில்லை. "அப்பா வேண்டாம்னு சொன்னாரும்மா. வேண்டாம்னு சொன்னவரை எப்படி ஃபோர்ஸ் பண்றது?" என்று கேட்டிருக்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. டாக்டர் ஸ்ரவந்தியும் அதைத்தான் சொல்வார்: நோயாளி முடியாது என்று சொன்னால் அதோடு நிறுத்த வேண்டும், அதுதான் மரியாதை. எங்கள் வீட்டில் மரியாதை மூன்றாவது மறுப்புக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

5

ஆறேழு மாதத்தில் பிரச்சினை வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையில் எங்கள் ஆட்கள் சுமாராகத் தேறிக்கொண்டிருந்தார்கள். லாவண்யா வீடு வீடாக எடுத்த அளவு மட்டும் எல்லாத் தமிழ் வீட்டிலும் எகிறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. மெஷினை மாற்றினார்கள். அப்போதும் அப்படியே. இன்னொரு மெஷின் வந்தது. அதுவும் முந்தைய மெஷின் சொன்னதையே சொன்னது.

அடுத்த சந்தேகம் லாவண்யா மேல். ஒழுங்காக அளவெடுக்கத் தெரியவில்லை, அல்லது வீட்டுக்கே போகாமல் ஏதோ ஒரு நம்பரை எழுதுகிறாள். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, திரும்பப் போடப்போவதில்லை என்று ஆபீஸில் ஒருவர் அவளிடமே சொல்லிவிட்டாராம். இதை அவள் எங்கள் வீட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். ஊரில் தம்பி படிக்கிறான், அப்பாவுக்கு வேலை இல்லை என்றும் சொன்னாள். தங்கம் இன்னொரு வடை வைத்தாள்.

எனக்கு விஷயம் அப்போதே தெரியும். மாலதி வாங்கிக்கொடுத்த மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. மற்றவர்கள் மணி பார்ப்பது போல நான் அதில் சர்க்கரை பார்ப்பேன். லாவண்யா வராத நாளில் பத்தரை மணிக்கு நல்ல அளவு. லாவண்யா வந்த நாளில் பத்தரை மணிக்குத் தலை சுற்றும் அளவு. நடுவில் இருந்தது கேசரிதான்.

இதைச் சொன்னால் அந்தப் பெண் பொய் எழுதவில்லை என்று ஆகும். ஆனால் அவளே வாசித்துக் காட்டிய சட்டத்தை அவளே மீறினாள், வீடு வீடாகச் சாப்பிட்டாள் என்றும் ஆகும். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேலை போகும். சொன்னால் அதற்கு முன்பே போகும். இப்படி இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து ஒரு நாள் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டு, அதற்கு வேறு பயந்தேன். ஜோசப் அண்ணன் வந்து துணைக்கு உட்கார்ந்தார்.

தங்கத்திடம் சொன்னேன், இனி அந்தப் பிள்ளைக்கு எதுவும் கொடுக்காதே என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேல போகப்போற பிள்ளைக்குச் சோறு போடாதங்கீங்க. நல்லா இருக்கு."

"அதனாலதான் போகுதுங்கேன்."

"அப்போ கேசரி வேண்டாம். உப்புமா கிண்டுதேன்."

உப்புமாவிலும் சர்க்கரை ஏறும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ரவையை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

6

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஸ்ரவந்திக்கு யோசனை வந்தது. தன்னிடம் பேசக் கூச்சப்படுகிறார்கள், தங்களைப் போன்ற இன்னொரு பார்ட்னரிடம் பேசுவார்களோ என்னவோ. அமெரிக்காவில் அவரோடு வேலை செய்த ரோசா அம்மாவை வீடியோவில் வரச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அங்கே சனிக்கிழமை ராத்திரி, டாக்டரும் லாவண்யாவும் வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்தார்கள்.

ரோசா அம்மா என் வயதுக்காரர்தான். மெக்சிகோவிலிருந்து வந்து ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் காலத்தை ஓட்டியவர். அவருக்கும் படிப்பு பாதியில் நின்றுபோனதாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அவர் ஸ்பானிஷில் சொல்வார். டியேகோ இங்கிலீஷில் சொல்வான். டாக்டர் தெலுங்கில் சொல்வார். ஜோசப் அண்ணனுக்குக் காது மந்தம் என்பதால் நான் அதைத் தமிழில் சத்தமாகச் சொல்வேன். ஒரு சிரிப்புச் சங்கதி ரோசா அம்மா வாயிலிருந்து கிளம்பினால் வரிசையாக ஒவ்வொருவராகச் சிரித்து, ஜோசப் அண்ணன் சிரித்து முடிப்பதற்குள் அங்கே அடுத்த பேச்சு பாதி ஆகியிருக்கும்.

டாக்டர் எது கேட்டாலும் ஆமாம் சாமி போடுவீர்களா என்று ரோசா அம்மா கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றோம். தானும் அப்படித்தான் என்றார். கிளினிக்கில் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் தங்கள் ஊர்ச் சோள ரொட்டியின் படத்தின்மேல், சாப்பிடக் கூடாது என்று சிவப்புக் கோடு போட்டிருந்தார்களாம். நன்றாக இருக்கிறது என்று வாங்கி வந்து, அந்தத் தாளில் சூடான ரொட்டியைப் பொதிந்து வைத்தாராம். தங்கத்துக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. பேச்சுக்கு நடுவில் எல்லோருக்கும் கேசரி வந்தது. லாவண்யாவுக்கு ஒரு தட்டு, டாக்டருக்கு ஒரு தட்டு. டாக்டர் வேண்டாம் என்றார். தட்டு அவர் கையில் இருந்தது.

ரோசா அம்மா திரைக்குள்ளிருந்து அதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். டியேகோ சிரித்துக்கொண்டே மாற்றினான். டாக்டரும் சிரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னார்: அளவெடுக்க வரும் பெண்ணுக்கு நீங்கள் என்ன சாப்பிடக் கொடுப்பீர்கள் என்று கேட்கிறார், அவர்கள் வீட்டில் இனிப்பு ரொட்டியும் சாக்லேட் பாலும் கொடுப்பார்களாம், அவள் மட்டும் சாப்பிட்டால் நன்றாக இருக்காது என்று கூட உட்கார்ந்து தாங்களும் சாப்பிடுவார்களாம், அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுப்பார்களாம்.

சொல்லிக்கொண்டே வந்த டாக்டரின் சிரிப்பு கடைசி வார்த்தைக்கு முன்பே நின்றுவிட்டது. நான் அதை ஜோசப் அண்ணனுக்காகத் தமிழில் சொல்லவில்லை. லாவண்யா தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு பெட்டியின் பிரேக்கில் சந்தேகம் வந்தால் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட வேண்டும். தூக்கினால் ரயில் தாமதமாகும், மேலே இருப்பவர்கள் திட்டுவார்கள். தூக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. நான் எப்போதும் தூக்கம் வருகிற வழியையே பார்ப்பேன். தெலுங்கில்தான் ஆரம்பித்தேன். பாதியில் தமிழ் வந்துவிட்டது.

"மேடம், அந்தப் பிள்ள ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னுதான் சொல்லுது. நாங்க விடதில்ல. அது சாப்பிட்டா நாங்களும் கூட உக்காந்து சாப்பிடுவோம். அதுக்குப் பொறவுதான் விரல்ல குத்தும். மெஷினு சரியாத்தான் காட்டுது. பிள்ளையும் சரியாத்தான் எழுதுது."

டாக்டருக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது. இது புரிந்துவிட்டது. லாவண்யா பக்கம் திரும்பி, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் வேலை போகும் மேடம், சொல்லாவிட்டாலும் போகும், அதனால் சொல்லாமல் இருந்தேன் என்றாள். நான் எத்தனையோ நாள் யோசித்துக் கண்டுபிடித்ததை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று டாக்டர் மெதுவாக ஆரம்பித்தார். உணவு உட்பட எதையும் வாங்கக் கூடாது என்பதில் ஆராய்ச்சியில் வேலை செய்கிற எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்றார். அப்போது தங்கம் அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"டாக்டரம்மா, உங்க தட்டுல ரெண்டாவது தடவ வச்சிருக்கேன். நீங்களும் வேண்டாம்னுதான் சொன்னீங்க."

டாக்டர் தன் கையைப் பார்த்தார். தட்டில் முந்திரி மட்டும் பாக்கி இருந்தது. திரைக்குள் டியேகோ, என்ன நடக்கிறது, நான் எதை மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார், தன் தட்டையும் சேர்த்து. அவன் ஸ்பானிஷில் சொன்னான். ரோசா அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகக் கொஞ்ச நேரம் பேசினார். அது எங்களிடம் வந்து சேர்ந்தது இப்படி: எங்கள் தெருவுக்கு வந்த பெண்ணை இதே காரணத்துக்காக அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவள் எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நாங்கள் அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. கதவைத் திறக்க வைக்க உங்கள் ஆட்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஸ்ரவந்தி, நீயும் அப்போது எங்களோடுதானே இருந்தாய்.

இதை நான் ஜோசப் அண்ணனுக்குத் தமிழில் சொல்லி முடித்ததும் அவர், "நம்ம லாவண்யாவ அனுப்புனா நானும் தெறக்கமாட்டேன்" என்றார். அவர் வீட்டில் அவளுக்குக் கொடுப்பது டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். அதையும் அப்போதே சொல்லித் தொலைத்துவிட்டார்.

7

டாக்டர் மறுநாளே நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார், தான் இரண்டு தட்டு சாப்பிட்டது உட்பட. ஆராய்ச்சியில் சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு கமிட்டி இருக்கிறது. அவர்களைப் பார்க்க டாக்டர் என்னையும் பார்ட்னர் என்ற முறையில் கூட்டிக்கொண்டு போனார். பெரிய மேஜை, சுற்றிலும் படித்தவர்கள், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். எனக்கும் ஒன்று வைத்தார்கள். வேண்டாம் என்றேன். யாரும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. நாக்கு வறண்டுதான் பேசினேன்.

இரண்டு விஷயம் கேட்டேன். முதலில் விரலில் குத்திவிடுங்கள், கேள்வியும் மற்றதும் அப்புறம். இன்னொன்று, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, நாங்கள் வந்த பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்றும் ஒரு கேள்வி போடுங்கள். கேட்டால் சொல்லுவோம். கேட்காததால்தான் சொல்லவில்லை. இரண்டையும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே வீட்டு அளவும் ஆஸ்பத்திரி அளவும் ஒட்டி வந்தன. ஜோசப் அண்ணன் அளவு மட்டும் இறங்கவில்லை. அதற்கு லாவண்யா காரணம் இல்லை. இரானி டீக்கடையில் போய் உட்கார அவருக்கு யாரும் வீட்டுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை.

லாவண்யா விஷயத்தில்தான் இழுத்தது. சாப்பிட்டது சாப்பிட்டதுதானே என்றார் ஒருவர். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவள் சாப்பிட்டதை எல்லாம் வேலை நேரத்துச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, அதற்கான விலையை வீட்டுக்காரர்களுக்கு ஆபீஸே கொடுத்துவிடுவது. அப்படிக் கொடுக்க உத்தரவு போட்டுவிட்டால் அவள் யாரிடமும் சும்மா எதையும் வாங்கவில்லை என்று ஆகிவிடும். உத்தரவு போட்டார்கள். ஒப்பந்தம் தொடர்ந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல அவள் ஓடிவந்தபோது அது அளவெடுக்கும் நாள் இல்லை. அதனால் என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பிறகு கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து கேசரி ஒரு தட்டு என்ன விலை என்று தங்கத்திடம் கேட்டார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அவராகவே ஓட்டல் விலையைப் போட்டு எழுதிக்கொண்டு, பணத்தையும் நீட்டினார். தங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அந்தப் பிள்ள சாப்பிட்டதுக்குக் காசு வாங்குனா, அடுத்த மாசம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அது முன்னால தட்ட வைப்பேன்?"

அவர் அன்று போய்விட்டார். அடுத்த மாதம் போன் செய்தார். வருஷக் கணக்கை முடிக்க வேண்டும், ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்றார். வேண்டாம் என்றாள். பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். போதும் என்றாள். ஜோசப் அண்ணன் பிஸ்கட்டுக்கான தொகையை முதல் நாளே எண்ணி வாங்கிக்கொண்டார். தங்கம் அவருடன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

எனக்குத்தான் கவலை. பணத்தை வாங்காவிட்டால் அந்த உத்தரவு செல்லாமல் போய், லாவண்யாவின் வேலைக்கு மறுபடி ஆபத்து வந்தால்? டாக்டர் ஸ்ரவந்தியிடம் கேட்டேன். உத்தரவு போட்டதே போதும், வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம் என்றார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போன் செய்து கேட்டேன். அதே பதிலைத்தான் சொன்னார். இப்போதைக்கு நம்பியிருக்கிறேன்.

போன வாரம் லாவண்யா வந்திருந்தாள். முதலில் விரலில் குத்தினாள். கேள்விகளை முடித்தாள். தங்கம் தட்டைக் கொண்டுவந்து வைத்து, ஒரு கரண்டி போட்டுவிட்டு, "போதுமாட்டி?" என்று கேட்டு நிறுத்தினாள். நிறுத்திவிட்டுப் பதிலுக்காக நின்றாள். நாற்பது வருஷத்தில் என்னிடம்கூட அவள் அப்படி நின்றதில்லை. லாவண்யா தட்டையும் பார்த்தாள், தங்கத்தையும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.

கணக்குப் பிரிவுக்காரர் இந்த மாதமும் போன் செய்தார். கெஞ்சாத குறை. எங்கள் வீட்டுக்கு ஆபீஸ் இன்னும் தரவேண்டிய பாக்கி அறுநூற்று நாற்பது ரூபாய்.